குறைதீர் நாளில் தொடங்கிய ஆய்வு

"படிக்கிற பொண்ணுக்கு மாணவர் பேரவை எதுக்கு?" என்று எங்கள் தெருவில் அன்றைக்குக் கேட்காதவர்கள் குறைவு. இன்றைக்கு அதே தெருவில் அக்காவைப் பற்றி வேறு கதை ஓடுகிறது. "காலேஜுல மனு, போராட்டம்னு சுத்திகினு இருந்தா. அப்புறம் புத்தி வந்து உக்காந்து படிச்சா, டாக்டர் பட்டம் வாங்கிட்டா" என்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு இந்தக் கதையில் உடன்பாடு இல்லை. அவள் மாணவர் தலைவியாக இருந்த வருடங்களைத் தள்ளி வைத்துவிட்டு அவளுடைய ஆய்வைப் பார்க்கவே முடியாது. மனு எழுதி, அலுவலக வாசலில் நின்று, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியதுதான் பின்னால் ஆய்வேடாக ஆயிற்று. கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். எங்கள் ஊர் குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. குடியாத்தம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு லுங்கியும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும். வைகாசி முதல் தேதி நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா தெரிந்திருக்கும். அரசியல் படித்தவர்கள், 1954-ல் முதலமைச்சரான காமராசர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி என்பார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் பீடிதான் எல்லாம்.

பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. ஏஜெண்ட் அதைப் புகையிலைத் தூளோடு எடை போட்டுக் கொடுப்பார். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடிந்ததும் ஒரு தகரத் துண்டை இலைமேல் அளவு வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். பெரியம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவாள். வெட்டிய இலையில் ஒரு சிட்டிகைத் தூளைப் பரப்பி, இரண்டு கட்டைவிரலாலும் உருட்டி, நூலைச் சுற்றி அறுத்து முறத்தில் போட்டுவிடுவாள். பக்கத்தில் இருப்பவர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும். பீடியின் வாயை மடக்குவது பிள்ளைகள் வேலை. நானும் மடக்கியிருக்கிறேன். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, கூலி ஆயிரத்துக்குக் கணக்கு. சரியாகச் சுற்றவில்லை என்று ஏஜெண்ட் கழித்துப் போடும் பீடிக்குக் காசு கிடையாது. ஆனால் அதற்குக் கொடுத்த இலையும் தூளும் கணக்கில் ஏறியிருக்கும்.

பெரியம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். கேட்டால் "அப்புறம் பட்டறைக்குப் போனேன்" என்பாள். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அக்கா 2009-ல் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். வரலாறு பிடித்துச் சேரவில்லை. காலை ஷிஃப்டில் இடம் இருந்தது, மதியத்துக்கு மேல் வீடு திரும்பி இலை வெட்டலாம், அவ்வளவுதான் கணக்கு. குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி என்று பஸ் போகும். பஸ் பாஸ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரே நிறுத்தத்தில் நின்றால், வண்டி நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். புத்தகப் பையோடு ஓட வேண்டும். மழையில் ஒருத்தி விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிறகு, அக்கா ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதினாள். இரண்டு பக்கம். அதில் பஸ், ரோடு, கல்லூரிக் கழிப்பறை, தண்ணீர் எல்லாமே இருந்தது.

திங்கட்கிழமைகளில் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்த வளாகம் நன்றாகத் தெரியும். பட்டா, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை என்று காலையிலேயே வரிசை நிற்கும். அங்கே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் அக்காவின் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தார். "இதுல நாலு மனு இருக்குதும்மா. நாலு டிபார்ட்மெண்டுக்குப் போவணும். ஒரே தாள்ல எழுதுனா ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றார். பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மேலே "பொருள்", ஒரே வரியில். அதன் கீழே "பார்வை": இதற்கு முன் எந்தத் தேதியில் யாருக்கு எழுதினோம், எந்த அரசாணை, என்ன எண். அப்புறம் நடந்தது என்ன, யார் பார்த்தது. கடைசியில் கோரிக்கை ஒன்றே ஒன்று. கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் நகரக் கூடாது.

அக்கா அன்றைக்கு எழுதிய பஸ் மனுவின் நகல் இன்னும் அவளிடம் இருக்கிறது. எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு எந்த வண்டி எங்கே போய் நின்றது என்று இரண்டு வாரத்துக்குத் தேதி வாரியாக எழுதி இணைத்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் நிற்க ஆரம்பித்தது. கல்லூரியில் எல்லோரும் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

தேடி வந்தவர்களில் நிறையப் பேர் பீடி வீட்டுப் பிள்ளைகள். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நல நிதியிலிருந்து படிப்பு உதவித்தொகை உண்டு. 1976-ல் கொண்டுவந்த நல நிதிச் சட்டத்தின் வழி வருவது அது. பெற்றவர்கள் பீடித் தொழிலாளி என்பதற்கு அடையாள அட்டை வேண்டும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அட்டை இல்லை. ஏன் இல்லை என்று அக்கா கேட்கப் போனாள். ஏஜெண்ட் பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் அட்டை வாங்க முடியும் என்றார்கள். பாஸ் புத்தகத்தில் யார் பெயர் என்று பார்த்தால், ஒரே புத்தகத்தில் மூன்று வீட்டுப் பீடி ஏறியிருக்கும். ஏஜெண்டுக்கு அதுதான் வசதி. பெயர் குறைந்தால் பி.எஃப். குறையும், பொறுப்பும் குறையும். 1966-ம் வருடத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே சொன்னது. ஆனால் பெயரே இல்லாதவர் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?

அப்போதுதான் அந்த நோட்டு வந்தது. நீள சைஸ் நோட்டு, நீல அட்டை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தாள். பெயர், எத்தனை வயதில் சுற்ற ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு, பாஸ் புத்தகம் யார் பெயரில், அட்டை உண்டா, பிள்ளை என்ன படிக்கிறது, உதவித்தொகை ஏன் கிடைக்கவில்லை. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே வைக்கவில்லை. பேசும்போது தானாக வந்து விழுவதையெல்லாம் அதில் எழுதினாள். "முன்பணம் எரநூறு, அப்பா வாங்கினார்." "வாய் மடக்கப் போனேன், எட்டு வயசு." "ஸ்கூல் வாத்தியார் வந்து கூப்பிட்டார், மொதலாளி அனுப்பல." இப்படி ஒவ்வொரு வரி. சாயங்காலம் இலை வெட்டி முடித்த பிறகு இரண்டு மூன்று வீடு போவாள். நான் டார்ச் பிடிக்கப் போவேன்.

பெரியம்மாவுக்கு இதில் கோபம்தான். "ஊரு கணக்கெல்லாம் எழுதிகினு இருந்தா நாளைக்கு ஏஜெண்ட் இலை குடுப்பானா?" என்று திட்டுவாள். அந்தப் பயம் நியாயமானது. இரண்டு வாரம் எங்கள் வீட்டுக்கு மட்டும் இலை வரவில்லை. களியும் வேர்க்கடலைச் சட்னியுமாக ஓட்டினோம். அக்கா நோட்டை நிறுத்தவில்லை. பெரியம்மாவும் நோட்டைக் கிழித்துப் போடவில்லை.

மூன்றாம் வருடம் பேரவைத் தேர்தலில் நிற்கச் சொல்லி நெருக்கினார்கள். அதில் ஒரு சிக்கல். மாணவர் தேர்தல்களுக்கு லிங்டோ குழு சொன்ன விதிகளை உச்ச நீதிமன்றம் 2006-ல் ஏற்றுக்கொண்டது. நிற்கிறவருக்கு அரியர் இருக்கக் கூடாது, வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும், செலவு 5000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு முதல் வருட ஆங்கிலத் தாள் அரியர் நின்றது. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் பலருக்கும் நிற்கிற தாள்தான். டிகிரிக்காக அந்தத் தாளை எழுத வேண்டும் என்று நான் எவ்வளவு சொல்லியும் தள்ளிப்போட்டவள், தேர்தலில் நிற்க முடியாது என்றதும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தாள். பாடப்புத்தகத்தைவிட அதிகமாக அவள் படித்தது ஆங்கிலத்தில் இருந்த சட்டங்களையும் அரசாணைகளையும்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1966 சட்டத்தைப் பிரிவு பிரிவாகத் தமிழில் எழுதினாள். ஆங்கிலத் தாள் பாஸ். சங்கம் படிப்பைக் கெடுக்கும் என்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அவளைப் படிக்க வைத்ததே அந்தத் தேர்தல்தான்.

ஜெயித்தாள். தலைவியாக அவள் செய்தவை பெரிய மேடைப் பேச்சுகள் அல்ல. பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்தது. உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப ஒரு மேசை போட்டு, தினமும் ஒரு மணி நேரம் மாணவர்களையே உட்கார வைத்தாள். நிராகரித்து வந்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் காரணம் என்ன என்று எழுதி வாங்கினாள். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் பாஸ் புத்தகத்தில் பெயர் ஏறி, அடையாள அட்டை வாங்கியவர்களில் பெரியம்மாவும் உண்டு.

தமிழ்நாட்டில் மாணவர் தலைவர் என்றால் நமக்கு 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஞாபகம் வரும். அங்கிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர்கள் ஞாபகம் வருவார்கள். அக்காவையும் கட்சிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவளுக்கு அதில் வெறுப்பெல்லாம் இல்லை. ஆனால் நோட்டின் அந்தத் தலைப்பில்லாத கட்டம் அவளை விடவில்லை. எட்டு வயசு, ஒன்பது வயசு, முன்பணம் என்று ஒரே மாதிரி வரிகள் இத்தனை வீட்டில் எப்படி வந்தன? இதற்குப் பதில் சொல்லும் மனுவை யாருக்கு எழுதுவது என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். எம்.ஏ. சேர்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எம்.ஏ., எம்.ஃபில். வேகமாக முடிந்தன. எம்.ஏ.-வில் பல்கலைக்கழக ரேங்க் வாங்கினாள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அப்போது மாதம் 25,000 ரூபாய். "படிக்கிறதுக்கா குடுக்கறாங்க?" என்று பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். முதல் மாதப் பணம் வந்ததும் ஏஜெண்டிடம் இருந்த பாக்கியைத் தீர்த்தார்கள்.

ஆய்வுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2002-ல் தொடங்கி, ஆரம்பத்தில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்து, பிறகு சேர்க்காட்டுக்குப் போன பல்கலைக்கழகம். நெறியாளர் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர்ல நடந்ததுக்கு ஆதாரம் என்ன?" அக்கா நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். அவர் அரை மணி நேரம் புரட்டிவிட்டு, "இது இப்போ இருக்கறவங்க சொன்னது. இதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்காங்கன்னு போய்ப் பாரு" என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

வட ஆற்காட்டைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர்தான். வேலூர் அதற்குப் பிறகுதான் தலைநகரம் ஆயிற்று. அதனால் பழைய தாள்கள் எல்லாம் வேலூரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்புறம் 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. அவள் ஆய்வு நடக்கும்போதே, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆய்வேட்டின் தலைப்பில் "வட ஆற்காடு" என்றே வைத்தது இந்தக் காரணத்தால்தான். இன்றைய மாவட்டப் பெயர் எதை வைத்தாலும் அவள் நோட்டில் இருந்த பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள்.

ஒரு நாள் ராத்திரி சென்னையிலிருந்து போன் வந்தது. 1931-ல் வந்த, விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் முன்பணம் வாங்கிப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கிற வழக்கத்தைப் பற்றி அதில் இருக்கிறது. அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளோடு சென்னை மாகாணத்துப் பீடிப் பட்டறைகளும் அதில் வருகின்றன. அதன் பிறகு 1933-ல் அதற்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டார்கள். "அம்மா பட்டறைக்குப் போனது சட்டம் வந்து நாப்பது வருஷம் கழிச்சு" என்றாள். அப்புறம் வெகுநேரம் அந்தச் சட்டத்தின் பிரிவுகளையே பேசிக்கொண்டிருந்தாள். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதைத் தடை செய்த பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்தால் தடை பொருந்தாது என்று விலக்கும் கொடுத்தது. வேலை பட்டறையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்த பிறகு அந்த விலக்கு யாருக்கு உதவியது என்பதுதான் அவளுடைய ஆய்வேட்டின் நடு அத்தியாயம். நான் வாய் மடக்கியதும் அந்த விலக்குக்குள்தான்.

எங்கள் பக்கம் படிப்புக்கு உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் மு.வரதராசனாரைச் சொல்வார்கள். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர், தனியாகப் படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். 1948-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அக்காவையும் அந்த வரிசையில் வைத்து, "கஷ்டப்பட்டுத் தனியாப் படிச்சு முன்னுக்கு வந்தவ" என்று பேசும்போது மனசு ஒப்பவில்லை. அக்கா தனியாக எதையுமே படிக்கவில்லை. மரத்தடிப் பெரியவர் சொல்லிக்கொடுத்த "பார்வை"தான் ஆய்வேட்டில் அடிக்குறிப்பு ஆனது. நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தி பீடி சுற்றிக்கொண்டே சொன்னது. பேரவை மேசையில் உட்கார்ந்த பிள்ளைகள் எழுதி வாங்கிய நிராகரிப்புக் காரணங்கள் ஒரு முழு இணைப்பாகவே இருக்கின்றன.

டாக்டர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அக்கா அறிவிப்புத் தாளை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தாள். ஒரு வேன் பிடித்துப் போனோம். அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடியை முந்தின நாளே முடித்துவிட்டு வந்திருந்தார்கள். வெளித் தேர்வாளர் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர், ஆங்கிலத்தில் கேட்டார், அக்கா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பிறகு அவளாகவே ஒவ்வொன்றையும் தமிழிலும் சொன்னாள். "வாய்மொழித் தகவலை எப்படிச் சரிபார்த்தீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு, ஒரே முன்பணத்தைப் பற்றி வாங்கியவர், வேலைக்குப் போன பிள்ளை, பக்கத்து வீட்டார் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டதைத் திரையில் காட்டினாள். மூன்றிலும் தொகை ஒத்துப்போகாத இடங்களையும் மறைக்காமல் காட்டினாள்.

கடைசியில், சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். வழக்கமாக ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் எழுந்து கேட்பார்கள். அன்றைக்கு எங்கள் தெருவிலிருந்து ஓர் அத்தை எழுந்தார்.

"நான் சொன்னதெல்லாம் அதுல எழுதிகீற இல்ல? எம்பேரு எங்க கீது?"

ஆய்வு முறைப்படி தகவல் சொன்னவர்களின் பெயரை மாற்றியிருப்பதாக அக்கா சொன்னாள். அவர்களுக்குத் தொல்லை வரக் கூடாது என்பதற்காக என்றும் சொன்னாள்.

"ஏன் மாத்துன? பாஸ் புக்குலயும் எம்பேரு இல்ல. இதுலயும் இல்லன்னா எப்பிடி?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. வெளித் தேர்வாளருக்கு நெறியாளர் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அவர், இன்று வந்த கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி, இதற்கும் பதிலை எழுதிச் சேருங்கள் என்றார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை மட்டும் பதில் வராத முகத்தோடுதான் வேனில் ஏறினார்.

அந்த ஆய்வுக்குப் பிறகு அக்காவை மாநாடுகளுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு மாநாட்டில் சிறந்த கட்டுரைக்கான பரிசும் கிடைத்தது. இரண்டு கல்லூரிகளில் அவள் கட்டுரையைப் பாடத்துக்கு வைத்திருக்கிறார்கள். அங்கீகாரம் என்றால் இதெல்லாம் உண்மையான அங்கீகாரம்தான், எங்களுக்கெல்லாம் பெருமைதான். வேலை மட்டும் இன்னும் நிரந்தரம் இல்லாத கௌரவ விரிவுரையாளர் என்ற அளவிலேயே நிற்கிறது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தொகையை அவள் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. டாக்டர் பட்டத்தோடு கதையை முடிக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நல நிதியின் நிலையும் மாறிவிட்டது. பீடிமீது வசூலித்து அந்த நிதிக்குக் கொடுத்த தீர்வை, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு நின்றது. உதவித்தொகை விண்ணப்பம் இப்போது ஆன்லைனில். அந்த மேசை இன்றும் கல்லூரியில் இருக்கிறது என்றும், இப்போது அங்கே செல்போனில் ஏற்றிக் கொடுக்கிறார்கள் என்றும் அக்காவின் மாணவி ஒருத்தி சொன்னாள். அக்கா போன காலத்தில் பெண்களுக்கு இலவசப் பேருந்து இல்லை, புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் இல்லை. இப்போதைய பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கிறது. ஆனால் அடையாள அட்டைச் சிக்கல் பாதி வீடுகளில் அப்படியே இருக்கிறது.

இப்போது அக்கா ஆய்வேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அத்தை கேட்ட கேள்விக்கான பதிலை அதில்தான் தேடுகிறாள். சொந்தப் பெயரோடு வர விரும்புகிறவர்கள் யார் யார் என்று மறுபடியும் வீடு வீடாகப் போகிறாள். ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டி, சம்மதம் என்றால் கையெழுத்து வாங்குகிறாள். வாசிக்கும்போது சிலர் திருத்துகிறார்கள். "எரநூறு இல்ல, நூத்தம்பது" என்று ஒருத்தர் சொன்னதில் ஓர் அட்டவணையையே மாற்ற வேண்டியதாயிற்று. அத்தை முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏஜெண்டிடம் இன்னும் இலை வாங்குகிறவர்களில் பலர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பெயர் மாற்றியபடியே இருக்கும். பெரியம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.